லான்சியோலேட்டாவா, கிராண்டிஃப்ளோராவா? பூவை விடுங்கள், காம்பைப் பாருங்கள்

நார்த் கரோலினாவில் எங்கள் வீட்டுப் பின்பக்கம் சிவப்புக் களிமண். மழை பெய்தால் செருப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும், காய்ந்தால் கடப்பாரை கேட்கும். நாலு வருடத்துக்கு முன் அங்கே வைக்க ஒரு நர்சரியில் கோரியாப்சிஸ் லான்சியோலேட்டா என்ற மஞ்சள் பூச்செடியின் அட்டை செருகிய 3 தொட்டிகள் வாங்கினேன். முதல் கோடையில் இலையே தெரியாத அளவுக்குப் பூ. மூன்றாவது வசந்தத்தில் ஒன்றுதான் மிச்சம். அதன் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்து பார்த்தபோதுதான் புரிந்தது, வந்தது கோரியாப்சிஸிலேயே இன்னொரு வகை, கிராண்டிஃப்ளோரா.

அட்டை மாறியதில் ஆச்சரியமில்லை. இரண்டுக்கும் சுமார் 8 இதழ், நுனி பல் பல்லாகக் கத்தரித்த மாதிரி, நடுவட்டமும் மஞ்சள்தான். விதையும் உண்ணிப்பூச்சி போலத்தான் இருக்கும், டிக்சீட் (உண்ணி விதை) என்ற ஆங்கிலப் பெயரே அதனால் வந்தது. (வீடியோ காலில் பார்த்த அம்மா "நம்ம ஊர் காஸ்மாஸ்தானே" என்றார். தப்பில்லை, நெருங்கிய சொந்தம்தான்.) மற்ற கோரியாப்சிஸ் வகைகளில், நடுவட்டம் செம்பழுப்பாக இருந்தால் டிங்க்டோரியா, இலை நூல் நூலாகத் தண்டைச் சுற்றி நின்றால் வெர்ட்டிசில்லேட்டா. அவற்றில் குழப்பம் வராது.

குழப்பம் இந்த இரண்டில்தான், அதற்குப் பார்க்க வேண்டியது இலை எங்கே நிற்கிறது என்பதை. லான்சியோலேட்டாவில் இலையெல்லாம் அடியில் கூட்டமாக இருக்கும், ஈட்டி முனை மாதிரி நீளமாக, பெரும்பாலும் பிரியாமல். அதற்கு மேலே நீளமான மொட்டைக் காம்பு, உச்சியில் ஒரே ஒரு பூ. கிராண்டிஃப்ளோராவில் இலை தண்டோடு ஏறிக்கொண்டே போகும், மேலே போகப் போக ஒவ்வொன்றும் மூன்று, ஐந்து என்று மெல்லிய கீற்றுகளாகப் பிரியும். பூக்கும் நேரத்தில் பாதித் தண்டுக்கு மேலே விரலை ஓட்டிப் பாருங்கள், கீற்று இலை தட்டுப்பட்டால் முடிந்தது.

இதில் ஒரு பொறி இருக்கிறது. கிராண்டிஃப்ளோராவின் அடி இலைகளும் சிறு வயதில் பிரியாமல் இருக்கும், அதனால் தண்டு எழும்பாத செடியை வைத்து முடிவு செய்யக்கூடாது. லான்சியோலேட்டாவின் இலையிலும் சில சமயம் அடியில் ஒன்றிரண்டு சின்னக் காதுகள் இருக்கும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், நடு இலை அகலமாகவே இருக்கும். மயிர் இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பதை நான் விட்டுவிட்டேன், லான்சியோலேட்டாவே இரண்டு விதமாகவும் வருகிறது.

சரி, எதுவாக இருந்தால் என்ன? ஆயுள்தான் விஷயம். கிராண்டிஃப்ளோரா பெயருக்குத்தான் பல்லாண்டுச் செடி, இருக்கிற பலத்தையெல்லாம் பூவில் கொட்டிவிட்டு இரண்டு மூன்று வருடத்தில் போய்விடும், ஈரம் தேங்கும் மண்ணில் இன்னும் சீக்கிரம். லான்சியோலேட்டா பூவில் கொஞ்சம் கஞ்சம், ஆனால் அடி இலைகள் எங்கள் பக்கத்துக் குளிரில் பச்சையாகவே கிடந்து மறுபடி எழும்பும், தானாக விதை போட்டு இடத்தையும் பிடிக்கும். உரம் மட்டும் போடாதீர்கள், சாய்ந்து விழும். இப்போது பின்பக்கம் முழுக்க அதுதான். களிமண்ணில் மேடு கட்டி வைத்தேன், மூன்று வசந்தம்தான் பார்த்திருக்கிறேன், அதனால் பத்து வருடம் நிற்கும் என்றெல்லாம் சத்தியம் செய்ய மாட்டேன்.

அந்த இடம் பிடிக்கும் குணம் எல்லா ஊரிலும் நல்லதில்லை. ஜப்பானில் 2006 முதல் லான்சியோலேட்டா ஆக்கிரமிப்புச் செடிப் பட்டியலில் இருக்கிறது, வளர்க்கவோ எடுத்துப்போகவோ தடை. கிராண்டிஃப்ளோராவுக்கு அந்தத் தடை இல்லை. அங்கே இருக்கும் நண்பர்கள் அட்டையை நம்பாமல் காம்பைப் பார்ப்பது நல்லது.

இலை தண்டு முழுக்க இருந்தும் பிரியாமல் அகலமாக இருந்தால் அது பியூபெசென்ஸ் என்ற இன்னொரு கோரியாப்சிஸாக இருக்கலாம். நான் வளர்த்ததில்லை, ஆகவே அதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

மிச்சமிருந்த அந்த ஒரு கிராண்டிஃப்ளோராவைப் பிடுங்க மனசு வரவில்லை. ஆனால் இரண்டும் பக்கத்தில் இருந்தால் கலந்துவிடும், அப்புறம் நான் எடுக்கும் விதைக்கு எந்த அட்டை எழுதுவது? தொட்டியில் மாற்றி வாசலில் வைத்திருக்கிறேன், தேனீ எவ்வளவு தூரம் பறக்கும் என்று தெரிந்தும்.