காட்டுப்பன்றிக்குச் சூரிய மின்வேலி: கடற்கரை மணலில் எப்படி வேலை செய்கிறது?

காட்டுப்பன்றி வேட்டையை எங்கிருந்து தொடங்குவது என்று சாயல்குடி முதல் உச்சிப்புளி வரை நிலம் வைத்திருப்பவர்கள் கேட்கும்போது, அவர்கள் மனத்தில் இருப்பது பெரும்பாலும் துப்பாக்கியும் நாயும்தான். கேட்பதில் நியாயம் இருக்கிறது. கண்மாய்களிலும் தரிசுகளிலும் சீமைக்கருவேல் அடர்ந்து கிடப்பதால் பகல் முழுவதும் பன்றிக்கு நிழலும் மறைவும் கிடைக்கின்றன. இருட்டியதும் கூட்டமாக இறங்கி, காய் பிடித்த நிலக்கடலையை வரிசை தவறாமல் உழுது தின்றுவிட்டு, பனங்கிழங்குப் பாத்தியையும் கிளறிப் போட்டுவிட்டு, விடிவதற்குள் புதருக்குத் திரும்பிவிடுகின்றன. ஆனால் இங்கே வேட்டையில் இறங்க விரும்பும் ஒருவர் உண்மையில் வாங்கக்கூடியது துப்பாக்கி அல்ல, சூரிய மின்வேலிப் பெட்டிதான். அப்படி ஒன்றை இராமநாதபுரத்துக் கடை ஒன்றில் வாங்கி, திருப்புல்லாணிக்குத் தெற்கே கடலுக்கு அருகில் உள்ள மணற்பாங்கான கடலைப் புஞ்சையில் நிறுவிப் பயன்படுத்திய அனுபவத்தைக் கொண்டு இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

முதலில் சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோம்பை, இராஜபாளையம் ஆகிய நாயினங்கள் பன்றி வேட்டைக்குப் பேர்போனவை என்பது உண்மைதான். ஆனால் இன்று அந்த நாய்களை விட்டுப் பன்றியை மடக்கினால் வனத்துறை வழக்குத்தான் மிஞ்சும். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில், 2022-இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, காட்டுப்பன்றி இரண்டாம் அட்டவணையில், அதாவது வேட்டையாடக் கூடாத விலங்குகளின் பட்டியலில் இருக்கிறது. பயிரை அழிக்கும் பன்றியைக் கொல்வதற்குக்கூடத் தலைமை வனவிலங்குக் காப்பாளரோ அவர் அதிகாரம் அளித்த அலுவலரோ எழுத்துமூலம் அனுமதி தர வேண்டும். 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்த ஏற்பாட்டின்படி, காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடவோ பிடிக்கவோ கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரையிலான பகுதியில் பிடித்துக் காட்டில் விடலாம். 3 கிலோமீட்டருக்கு அப்பால் சுடலாம், ஆனால் சுடுவது வனத்துறையின் பயிற்சி பெற்ற பணியாளர்கள்தான். பயிர்ப் பாதுகாப்புக்கென்று துப்பாக்கி உரிமம் வைத்திருப்பவருக்கும் இதில் விலக்குக் கிடையாது. அவுட்டுக்காய் (கடித்தால் வெடிக்கும் இரை) வைப்பதும் சுருக்குக் கம்பி கட்டுவதும் குற்றம் என்பதோடு, அவற்றில் முதலில் சிக்குவது பெரும்பாலும் ஊர் மாடாகவோ நம் வீட்டு நாயாகவோ இருக்கும். மோட்டார் கொட்டகையிலிருந்து நேரடியாகக் கம்பிக்கு மின்சாரம் கொடுப்பதைப் பற்றி விரித்துச் சொல்லவே வேண்டியதில்லை. அதில் மனிதர்கள் இறந்து, வேலி போட்டவர் சிறைக்குப் போன செய்தி ஆண்டுதோறும் வந்துகொண்டுதான் இருக்கிறது.

நான் வாங்கிய தொகுப்பில் மின்துடிப்புப் பெட்டி, 12 வோல்ட் பேட்டரி, சூரியத் தகடு, பிளாஸ்டிக் இன்சுலேட்டர்கள், கம்பி அறுந்தால் ஒலிக்கும் சைரன், மஞ்சள் எச்சரிக்கைப் பலகைகள், மண்ணில் நடுவதற்கு ஓர் எர்த் கம்பி ஆகியவை இருந்தன. விலை ஏறத்தாழ 15,000 ரூபாய். வேலிக்கம்பியும் தூண்களும் தனிச்செலவு. பெட்டி பேட்டரியின் 12 வோல்ட்டை 8,000 வோல்ட்டுக்கு மேல் உயர்த்தி, நொடிக்கு ஒருமுறை என்ற அளவில், ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம்கூட நீடிக்காத துடிப்பாகக் கம்பியில் அனுப்புகிறது. அதனால்தான் தொட்ட விலங்கு அதிர்ந்து பின்வாங்குகிறதே தவிர, கம்பியோடு ஒட்டிக்கொண்டு கருகுவதில்லை. பெட்டியின் மேல் ஐஎஸ் 302-2-76 தர முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அது இல்லாத மலிவுப் பெட்டி எவ்வளவு குறைந்த விலைக்குக் கிடைத்தாலும் வேண்டாம். பெட்டியைப் பொறுத்தவரை எனக்குக் குறை எதுவும் இல்லை. ஓசை சீராக இருக்கிறது, மழைக்காலத்தில் வெயில் அடிக்காத நாட்களிலும் பேட்டரி தாங்கியது, சைரன் அடுத்த தெருவரை கேட்கிறது.

குறை முழுவதும் பெட்டிக்கு வெளியே இருக்கிறது. இந்தத் தொகுப்பை அமைத்தவர்கள் மனத்தில் மலையடிவாரத்துச் செம்மண் நிலத்தை வைத்துக்கொண்டு அமைத்திருக்கிறார்கள். கடற்கரை மணல் அவர்கள் கணக்கிலேயே இல்லை.

மின்வேலி என்பது கம்பியோடு முடியும் சங்கதி அல்ல. துடிப்பு கம்பி வழியாகப் போய், பன்றியின் மூக்கில் ஏறி, அதன் கால் வழியாக மண்ணில் இறங்கி, எர்த் கம்பி மூலம் பெட்டிக்குத் திரும்பினால்தான் சுற்று முழுமையாகும். தொகுப்பில் வரும் ஒற்றை எர்த் கம்பியின் நீளம் மூன்றடிதான். ஈரச் செம்மண்ணில் அது ஓரளவு சமாளிக்கலாம். வைகாசி மணலில் அது நட்டும் நடாததும் ஒன்றுதான். இரண்டு மீட்டர் நீளமுள்ள ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய்கள் மூன்றை, ஒன்றுக்கொன்று மூன்று மீட்டர் இடைவெளி விட்டு, நிலத்திலேயே தாழ்வான, தோண்டினால் ஈரம் தட்டுப்படும் இடமாகப் பார்த்து இறக்க வேண்டும். வீட்டு எர்த் குழிக்குச் செய்வதுபோல் கரித்தூள் இட்டு நிரப்பலாம். கரிமூட்டம் போடும் மாவட்டத்தில் கரிக்குப் பஞ்சமில்லை. எர்த் சரியாக இருக்கிறதா என்று அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. பெட்டியிலிருந்து நூறு மீட்டராவது தள்ளி, பெட்டியை அணைத்த நிலையில், இரும்புக் கடப்பாரைகளை மண்ணில் ஊன்றி மின்கம்பியின் மேல் சாய்த்துவிட்டு, மீண்டும் பெட்டியை இயக்கி, கம்பியின் அழுத்தம் 2,000 வோல்ட்டுக்குக் கீழே விழுந்ததை உறுதி செய்துகொண்டு, வேலியின் மின்னழுத்தம் காட்டும் மீட்டரை எர்த் குழாயில் வைத்துப் பாருங்கள். அங்கே 300 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் இன்னொரு குழாய் தேவை என்று பொருள். மீட்டர் தொகுப்பில் வராது. தனியாக வாங்கத்தான் வேண்டும், அதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

இதையெல்லாம் செய்தும் கோடையில் ஒரு சிக்கல் மிச்சம் இருக்கிறது. குழாய் ஆழத்தில் ஈரத்தைத் தொட்டாலும் பன்றி நிற்பது மேல்மணலில்தான்; அந்த மணல் காய்ந்து கிடக்கும்போது மின்சாரம் அதன் காலைத் தாண்டி இறங்காது. எங்கள் பக்கத்துப் புஞ்சைக்காரப் பெரியவர், தோட்டத்து எல்லையில் சேலை கட்டியே பல வெள்ளாமை பார்த்தவர், வேலியைச் சுற்றி வந்துவிட்டு, “ஏப்பா, பன்னி காலு சுடுமணல்ல நிக்கிது, ஒன் கரண்டு எங்குட்டு எறங்கும்?” என்று கேட்டார். கடைக்காரர் அனுப்பிய பணியாளருக்குத் தோன்றாத கேள்வி அது. இதற்கு வழி, எல்லாக் கம்பிகளுக்கும் மின்சாரம் கொடுக்காமல், ஒன்றுவிட்டு ஒன்றை எர்த்தோடு இணைப்பதுதான். பன்றி தலையை நுழைக்கும்போது ஒரே நேரத்தில் மின்கம்பியையும் எர்த் கம்பியையும் தொட்டுவிடும்; மண்ணின் தயவு தேவைப்படாது. ஐப்பசியில் மழை இறங்கி மணல் நனைந்ததும் இணைப்பை மாற்றி எல்லாக் கம்பிகளிலும் மின்சாரம் விடலாம். வாசலருகே ஒரு மாற்றுவிசை வைத்துக்கொண்டால் அது ஒரு நிமிட வேலை.

கம்பிகளின் உயரத்திலும் தொகுப்போடு வரும் படத்தை நம்ப வேண்டாம். அதில் தரையிலிருந்து ஓரடிக்கு மேலே முதல் கம்பியும், அதற்கு மேல் நான்கு கம்பிகளும் காட்டப்பட்டிருக்கின்றன. அது மாட்டுக்குச் சரி. பன்றி வேலியைத் தாண்டும் விலங்கு அல்ல, மூக்கால் நெம்பிக் கீழே நுழையும் விலங்கு. அதன் தோலும் முதுகு மயிரும் தடிப்பாக இருப்பதால் உடம்பில் பட்டால் பெரிதாக உறைக்காது. எப்போதும் ஈரமாக இருக்கும் மூக்கில் பட்டால்தான் உறைக்கும். ஆகவே முதல் கம்பி தரையிலிருந்து 15 முதல் 20 செ.மீ. உயரத்திலும், அடுத்த இரண்டும் அதே அளவு இடைவெளியிலும் இருக்க வேண்டும். மூன்று கம்பி போதும்; ஐந்து கம்பிக்குச் செலவழிக்கும் பணத்தைத் தூண்களில் போட்டால் மணலில் கம்பி தொய்யாமல் இருக்கும். ஆனால் கம்பி இவ்வளவு தாழ இருந்தால் கோரையும் அருகும் வளர்ந்து அதைத் தொட்டு மின்சாரத்தைக் கசியவிடும் என்பதால், வேலியடியை அடிக்கடி செதுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். சீமைக்கருவேலின் ஒரு கொப்பு சாய்ந்தாலே மீட்டர் பாதியாக இறங்கிவிடுகிறது.

இனி உப்பு. தென்கடல் பக்கம் ஆனி, ஆடியில் கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று அடிக்கத் தொடங்கியதும் இன்சுலேட்டர்களின் மேல் மெல்லிய உப்புப் படலம் படிகிறது. பகலில் ஒன்றும் தெரியாது. இரவில் பனி இறங்கி அந்தப் படலம் ஈரமானதும், வேலியருகில் போய் நின்றால், ஒவ்வொரு துடிப்புக்கும் இன்சுலேட்டரின் கழுத்தில் நீலப்பொறி தெறிப்பதும், எண்ணெயில் கடுகு வெடிப்பது போன்ற சத்தமும் தெரியும். அந்த நேரத்தில் கம்பியில் 3,000 வோல்ட்கூட மிஞ்சுவதில்லை. பன்றிக்கு அது போதாது. நல்ல தண்ணீரால் கழுவித் துடைத்தால் சரியாகிறது, ஆனால் காற்றுக்காலம் முடியும்வரை அதைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கிறது. பிளாஸ்டிக்குக்குப் பதிலாகக் கழுத்து நீண்ட பீங்கான் இன்சுலேட்டர் போட்ட பகுதியில் இந்தத் தொல்லை வெகுவாகக் குறைந்தது. கம்பியைப் பொறுத்தவரை, சாதாரண ஜி.ஐ. கம்பியில் முதலில் வெள்ளைத் தூள் பூத்து, பிறகு முடிச்சுகளில் துரு ஏறி இணைப்பு அறுகிறது. கடலுக்கு அருகில் இருப்பவர்கள் துத்தநாகப் பூச்சு தடித்த கம்பியைக் கேட்டு வாங்க வேண்டும், ஜி.ஐ. கம்பியோடு செம்புக் கம்பியை முறுக்கி இணைக்கவே கூடாது, உப்புக்காற்றில் அந்த முடிச்சு விரைவில் அரித்துவிடும்.

கடையின் சேவையைப் பற்றியும் சொல்ல வேண்டும். விற்கும்வரை தொலைபேசியை முதல் மணியிலேயே எடுத்தவர்கள், எர்த் போதவில்லை என்று சொன்னதும் ஆளை அனுப்பப் பல நாள் எடுத்துக்கொண்டார்கள். வந்தவரும் கூடுதல் குழாய்க்குத் தனி விலை என்றார். மண் என்ன மண், கடல் எவ்வளவு தூரம் என்ற இரண்டு கேள்விகளை விற்கும்போதே கேட்டிருந்தால் அந்த அலைச்சல் வந்திருக்காது. வேளாண் பொறியியல் துறையின் மானியத்தில் வேலி அமைக்க நினைப்பவர்கள் பொருள் வாங்குவதற்கு முன்பே துறை அலுவலகத்தில் விசாரித்துவிடுவது நல்லது. காப்புக்காட்டை ஒட்டிய நிலமாக இருந்தால், 2023-இல் வந்த மின்வேலி பதிவு, ஒழுங்குமுறை விதிகளின்படி வனத்துறையில் அனுமதி பெற வேண்டும்.

மற்ற வழிகளோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல். சேலை கட்டுவதும் முடிவெட்டும் கடையிலிருந்து மயிரை வாங்கிவந்து வரப்பில் தூவுவதும் சில நாளைக்குப் பலிக்கும். பன்றிக்குப் பழகிவிட்டால் சேலையைத் தள்ளிக்கொண்டு உள்ளே வரும். வாடைக்கு அஞ்சி ஒதுங்கும் என்று விற்கப்படும் விரட்டி மருந்துகள் கடற்காற்றில் நிற்பதில்லை. மழை பெய்தால் மறுபடி தெளிக்க வேண்டும். மின்வேலி ஒழுங்காக இருந்த வெள்ளாமையில் எங்கள் கடலைக்குள் பன்றி நுழையவில்லை. வேலிக்கு வெளியே மூக்குத் தடமும், திரும்பி ஓடிய குளம்புத் தடமும் மட்டும் மணலில் கிடந்தன.

ஆனால் பன்றி ஊரை விட்டுப் போய்விடவில்லை. இங்கே தின்ன முடியாதது அடுத்த புஞ்சைக்குப் போயிற்று, அதை அந்தப் பெரியவர் என்னிடம் மரியாதையாகவே சொன்னார். ஆகையால் அடுத்த கடலை விதைப்புக்கு அவருடைய நிலத்தையும் அதை அடுத்ததையும் சேர்த்து ஒரே வளையமாகக் கம்பி இழுக்கப் பேசியிருக்கிறோம். இந்தப் பெட்டி அந்த நீளத்தையும் தாங்கும் என்று அட்டையில் அச்சிட்டிருக்கிறது. அது புல் படாத, உப்புப் படியாத கம்பிக்கான கணக்கு என்பதால், கூட்டாக வாங்குபவர்கள் அடுத்த அளவுப் பெட்டியையே எடுக்க வேண்டும், அதன் விலை வித்தியாசம் மூன்று பேருக்குப் பகிர்ந்தால் ஒரு மூட்டை கடலைக்குள் அடங்கிவிடும்.