எலுமிச்சை மின்கலமா, கையால் சுற்றிய மோட்டாரா?

பள்ளியில் அறிவியல் கண்காட்சி என்று சுற்றறிக்கை வந்ததும் வீட்டில் முதலில் எடுபடுவது எலுமிச்சம்பழ மின்கலம்தான். அதற்கு அடுத்தபடியாகப் பேசப்படுவது, ஒரு டார்ச் பேட்டரி, இரண்டு ஊக்குகள், ஒரு காந்தம், கொஞ்சம் செம்புக் கம்பி ஆகியவற்றால் செய்யும் சிறு மோட்டார். ஒன்பது வயது மகளோடு இரண்டையும் அடுத்தடுத்த ஞாயிற்றுக்கிழமைகளில் செய்து பார்த்தேன். எளிது என்று பெயரெடுத்த முதலாவதைவிட, அடம்பிடிக்கும் இரண்டாவதே சேர்ந்து செய்ய ஏற்றது என்று எனக்குத் தோன்றுகிறது.

எலுமிச்சையில் ஒரு ஜி.ஐ. ஆணியையும் (துத்தநாக முலாம் பூசிய இரும்பாணி) ஒரு செம்புத் துண்டையும் ஒன்றையொன்று தொடாதபடி குத்தினால் ஏறத்தாழ 0.9 வோல்ட் கிடைக்கும். சிவப்பு எல்.இ.டி. எரிவதற்கு இரண்டு வோல்ட்டை ஒட்டி வேண்டியிருப்பதால் மூன்று அல்லது நான்கு பழங்களைத் தொடராக இணைக்க வேண்டும். சித்திரை மாதத்து எலுமிச்சை விலையில் இது சிறிய செலவன்று. மின்னோட்டம் ஒரு மில்லி ஆம்பியரை எட்டுவதே அரிது என்பதால், ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் அந்த வெளிச்சத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. குழந்தையின் கைவேலை ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. பழத்துக்குள்ளேயே மின்சாரம் இருக்கிறது என்ற தவறான எண்ணம் மட்டும் மனத்தில் தங்கிவிடுகிறது. உண்மையில் ஆற்றலைத் தருவது அமிலத்தில் கரையும் ஆணியின் துத்தநாக முலாம். பழச்சாறு அந்த வினை நடப்பதற்கான ஊடகம் மட்டுமே. 1800-இல் இத்தாலிய அறிவியலாளர் வோல்ட்டா, உலோகத் தட்டுகளை அடுக்கிச் செய்த மின்கலமான தம் மின்அடுக்கை அறிவித்தபோது தட்டுகளுக்கிடையே அவர் வைத்தது உப்புநீரில் நனைத்த அட்டையைத்தான். ஆனால் துத்தநாகம் கரைவது கண்ணுக்குத் தெரியாததால், இவ்வளவையும் பெற்றோர் வாயால்தான் சொல்லியாக வேண்டும்.

மோட்டாரில் மறைப்பதற்கு எதுவும் இல்லை. மின்சாரத்தைக் கடத்தாத எனாமல் பூசிய செம்புக் கம்பியை டார்ச் பேட்டரியின் மேல் பத்துச் சுற்று சுற்றிக் கழற்றி, இரு முனைகளையும் எதிரெதிர்ப் பக்கமாக நேராக நீட்ட வேண்டும். பேட்டரியின் இரு முனைகளிலும் ஊக்குகளைச் சைக்கிள் டியூபிலிருந்து வெட்டிய ரப்பர் வளையத்தால் இறுக்கிப் பிடித்து, பழைய ஸ்பீக்கர் காந்தத்தை நடுவில் வைத்து, ஊக்குகளின் துளைகளில் கம்பி முனைகளைச் செருகினால் அமைப்பு தயார். நுட்பம் முழுவதும் எனாமலைச் சுரண்டுவதில் இருக்கிறது. ஒரு முனையைச் சுற்றிலும் சுரண்ட வேண்டும். மறு முனையில், சுருளைச் செங்குத்தாகப் பிடித்துக்கொண்டு, மேற்பாதியை மட்டும் சுரண்ட வேண்டும். என் மகள் ஆர்வ மிகுதியில் இரண்டையும் முழுதாகச் சுரண்டிவிட்டாள். சுருள் ஒருமுறை நடுங்கியது, இப்படியும் அப்படியும் ஆடியது, நின்றது. மின்சாரம் தொடர்ந்து பாய்ந்தால் முதல் அரைச்சுற்றில் தள்ளிய விசையே அடுத்த அரைச்சுற்றில் எதிர்ப்பக்கம் இழுக்கிறது என்பதை நான் விளக்கத் தேவையே இருக்கவில்லை. அந்த ஆட்டத்திலேயே அது தெரிந்தது. அம்மாவின் நெயில் பாலிஷை எடுத்து ஒரு முனையின் கீழ்ப்பாதியில் பூசிக் காயவைத்தோம். விரலால் இலேசாகத் தட்டியதும் சுருள் சுழலத் தொடங்கியது.

பேட்டரி விரைவில் சூடேறுவது இதன் உண்மையான குறை. அந்தச் சுருளின் மின்தடை மிகச் சொற்பம் என்பதால், சுழலாமல் நின்ற சுருளை ஊக்குகளிலேயே விட்டுவைத்தால் அது குறுக்குச் சுற்றுக்கு (ஷார்ட் சர்க்யூட்) ஒப்பாகும். உடனே எடுத்துவிட வேண்டும். பிளேடால் சுரண்டுவதைப் பெரியவர்கள் செய்யலாம், அல்லது குழந்தையின் கையில் உப்புத்தாளைக் கொடுக்கலாம். கடையில் விற்கும் மோட்டார் கிட்டுகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை: முனைகள் ஏற்கெனவே சுரண்டப்பட்டு வருமானால் கற்க வேண்டிய இடமே போய்விடுகிறது.

ஐந்தாறு வயதுக் குழந்தை என்றால் எலுமிச்சையையே பரிந்துரைப்பேன். அங்கும் எல்.இ.டி.யோடு நின்றுவிடாமல், அதே நான்கு பழங்களில் ஒரு டார்ச் பல்பை மாட்டிப் பார்க்க வேண்டும். அது எரியாது. வோல்ட் மட்டும் போதாது, ஆம்பியரும் வேண்டும் என்ற பேச்சு அங்கிருந்துதான் தொடங்கும். ஆணி குத்திய பழங்களில் துத்தநாகம் கரைந்திருக்கும், அவற்றை ஜூஸ் போடாமல் எறிந்துவிட வேண்டும். மோட்டாருக்கான கம்பியைப் புதிதாக வாங்கத் தேவையில்லை. மோட்டார் காயில் கட்டும் கடையில் கேட்டால் ஒரு மீட்டர் மிச்சக் கம்பி எப்போதும் கிடக்கும்.