பெட்ரோல் டேங்குக்கு எந்த ரெசின்: பாலியெஸ்டரா, வினைல் எஸ்டரா, எப்பாக்சியா?

எத்தனால் கலவாத பெட்ரோலைச் சாதாரண பாலியெஸ்டர் ரெசினால் (கண்ணாடி இழைகளைப் பிணைத்து இறுகும் பிசினால்) ஆன டேங்குகளே பல ஆண்டுகள் தாங்கியிருக்கின்றன. சிக்கல் எத்தனாலோடு வந்தது. அமெரிக்காவில் 2000-களின் நடுவில் 10 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் பரவலானபோது, பழைய படகுகளின் ஃபைபர் கிளாஸ் டேங்குகள் இளகி, அவற்றிலிருந்து கரைந்து வந்த ரெசின் இன்ஜின் வால்வுகளில் கருப்புப் பிசுக்காகப் படிந்தது. மோட்டார் சைக்கிள் டேங்கை வீட்டில் வார்ப்பவர் இதை மனத்தில் வைத்தே ரெசினைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மலிவான ஆர்த்தோதாலிக் பாலியெஸ்டரை முதலிலேயே விலக்கிவிடலாம். ஐசோதாலிக் வகை அதைவிட மேலானதுதான்; ஆயினும் எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு அதை நான் நம்ப மாட்டேன்.

வினைல் எஸ்டரின் மூலக்கூறுச் சங்கிலியில், தாக்குதலுக்கு இலக்காகும் எஸ்டர் பிணைப்புகள் முனைகளில் மட்டுமே இருப்பதால், அதன் தாங்குதிறன் பாலியெஸ்டரைவிட அதிகம். நோவோலாக் வகையில் சங்கிலிகளை இணைக்கும் குறுக்குப் பிணைப்புகள் இன்னும் நெருக்கம்; அதனால் தாங்குதிறனும் கூடும். பாலியெஸ்டருக்குப் பழகிய கை அதே மேட் (வெட்டிய கண்ணாடி இழைகளைப் பசையால் ஒட்டிய விரிப்பு), அதே எம்.இ.கே.பி. வினையூக்கியோடு இதிலும் வேலை செய்யலாம். (இறுகலை விரைவுபடுத்தும் கோபால்ட் முடுக்கியையும் எம்.இ.கே.பி.யையும் ஒருபோதும் நேரடியாகக் கலக்கக் கூடாது, தீப்பற்றும்.) குறைகளும் உண்டு: சில மாதங்களிலேயே ரெசின் டப்பாவில் கெட்டுப்போகும், காற்று படும் பரப்பு முழுமையாக இறுகாமல் பிசுபிசுக்கும். பெட்ரோலைத் தொடும் உட்புறத்தில் அந்தப் பிசுபிசுப்பு இருந்தால், செலவழித்ததெல்லாம் வீண். அங்கே கடைசிப் பூச்சில் மெழுகு சேர்ப்பது கட்டாயம்.

எப்பாக்சியின் பெரிய வசதி தெர்மோகோலை அது கரைக்காது என்பதே. தெர்மோகோலில் டேங்கின் வடிவத்தைச் செதுக்கி, மேலே கண்ணாடி இழைத் துணியைப் போர்த்தி, இறுகியபின் உள்ளிருப்பதைக் கரைத்து வெளியேற்றலாம். வினைல் எஸ்டரில் உள்ள ஸ்டைரீன் அந்தத் தெர்மோகோல் வடிவத்தைத் தொட்டதுமே அரித்துவிடும். அலுமினிய மூடிக் கழுத்தோடும் எப்பாக்சி நன்றாக ஒட்டும். ஆனால் வழக்கமான மேட்டின் பசை ஸ்டைரீனில்தான் கரையும் என்பதால், எப்பாக்சிக்கு நெய்த துணியே பொருந்தும். மேலும், படகு வேலைக்கான பொது எப்பாக்சி அறை வெப்பத்தில் மட்டும் இறுகினால் எத்தனாலில் மென்மையாகிவிடும். எரிபொருளுக்கென்று குறிப்பிடப்பட்ட நோவோலாக் எப்பாக்சியே தேவை.

என் கணிப்பில், அச்சில் வார்ப்பவருக்கு நோவோலாக் வினைல் எஸ்டர். தெர்மோகோல் வழியில் செல்பவருக்கு நோவோலாக் எப்பாக்சி. இரண்டையுமே தயாரிப்பாளர் சொல்லும் வெப்பத்தில் சில மணி நேரம் மறுபதம் (இறுகியபின் சூடாக்கி முழுமையாக இறுக வைப்பது) செய்தாக வேண்டும். இந்தப் படியைத் தவிர்த்த உயர்ந்த ரெசினைவிட, அதை முறையாகச் செய்த நடுத்தர ரெசினையே நான் தேர்வேன்.

டேங்கைத் தொடங்குமுன் அதே கலவையில் ஒரு பட்டையைச் செய்து, வெட்டிய விளிம்புகளை ரெசினால் மூடி, எடை பார்த்து, பயன்படுத்தப்போகும் பெட்ரோலிலேயே ஒரு மாதம் மூழ்க வைக்கவும். எடுத்துத் துடைத்தபின் எடை தெளிவாகக் கூடியிருந்தாலோ நகம் பதிந்தாலோ அந்தக் கலவை ஆகாது. ஜாடியிலுள்ள பெட்ரோலில் ஒரு துளியையும் புதுப் பெட்ரோலில் ஒரு துளியையும் கண்ணாடித் தகட்டில் அருகருகே உலர விடுங்கள். முதல் துளி மட்டும் பிசுக்கை விட்டுச் சென்றால், ரெசின் கரைந்துகொண்டிருக்கிறது.