மெனுவைச் சோதிக்க ட்ரீ டெஸ்டா, நேரடி யூசபிலிட்டி டெஸ்டா?

இணையதளத்தின் மெனுவில் மக்கள் தேடியது கிடைக்கிறதா என்று எப்படிச் சோதிப்பது? நிபுணர் மதிப்பீட்டை முதலில் ஒதுக்கிவிடலாம். யூசபிலிட்டி (பயன்படுத்த எளிதா என்பது) நிபுணர் ஜேக்கப் நீல்சன் 1994-இல் வெளியிட்ட 10 வடிவமைப்பு விதிகளை வைத்து 3 முதல் 5 பேர் தளத்தை அலசுவார்கள். சீக்கிரம் முடியும். ஆனால் புதிதாக வருபவர் எங்கே திணறுவார் என்பது பழகிய கண்ணுக்குத் தப்பிவிடும்.

நேரடி டெஸ்டில் 5 பேரை ஒவ்வொருவராக உட்காரவைத்து, ஒரு வேலையைக் கொடுத்து, மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லச் சொல்கிறோம். தயக்கம் முகத்திலேயே தெரியும். ஆனால் வழி தவறியதற்குக் காரணம் மெனுவின் பெயரா, பட்டன் இருந்த இடமா என்று பிரிப்பது சிரமம்.

மெனுவுக்கு மட்டும் என்றால் என் தேர்வு ட்ரீ டெஸ்ட்தான். படம், நிறம், தேடல் பெட்டி எதுவும் இல்லாமல் மெனுத் தலைப்புகளை மட்டும் எக்செல்லில் கிளைகளாக எழுதி, ஆன்லைன் சோதனைக் கருவியில் ஏற்றி, கேட்டதை எந்தக் கிளையில் தேடுவார்கள் என்று ஆட்களைக் கிளிக் செய்யச் சொன்னால் போதும். 50 பேர் வரை கிடைத்தால் நல்லது. ஒருவருக்கு 10 கேள்விக்கு மேல் வேண்டாம். அதற்குள் மெனு பழகிவிடும், பிந்தைய விடைகள் கெடும். இதனால்தான் கேள்வி வரிசையையும் ஆளுக்கு ஆள் கலைத்துப்போட வேண்டும்.

கேள்வியின் வாசகத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். சரியான இடம் ‘உதவி’க்குள் ‘ரீஃபண்ட்’ என்றால், கேள்வியில் அந்த இரண்டு சொல்லும் வரக்கூடாது. “வந்த பொருள் உடைந்திருக்கிறது, கொடுத்த காசு வேண்டும்” என்று கேளுங்கள். பெரும்பாலோர் முதல் கிளிக்கிலேயே ‘என் ஆர்டர்கள்’ போனால் பக்கம் இருக்கும் இடம் தவறு. ‘உதவி’க்குள் நுழைந்துவிட்டுத் திரும்பினால் உள்ளே இருக்கும் பெயர் தவறு. வெற்றி விகிதத்தை மட்டும் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். நாலு கிளை ஏறி இறங்கி வந்தவரும் அதில் வெற்றிக் கணக்குதான். பின்வாங்காமல் நேராக வந்தவர்கள் எத்தனை பேர் என்று தனியாகப் பாருங்கள்.

என்னைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானிப்பது மறுசோதனைதான். திருத்தம் சரியா என்று பார்க்காதவரை அதுவும் ஒரு ஊகமே. ட்ரீ டெஸ்டில் எக்செல்லில் ஒரு கட்டத்தைத் திருத்தி, முன்பு பார்க்காத வேறு ஆட்களுக்கு அதே கேள்விகளை அனுப்பினால் முடிந்தது. நேரடி டெஸ்டிலோ மாதிரிப் பக்கங்களை மாற்ற வேண்டும், ஆள் பிடிக்க வேண்டும், மறுபடி ஒவ்வொருவரோடும் உட்கார வேண்டும். ஒரு சுற்றோடு நின்றுபோவது இதனால்தான்.

தேடல் பெட்டியையே நம்பி ஓடும் தளத்துக்கு ட்ரீ டெஸ்ட் எவ்வளவு உதவும் என்று அழுத்திச் சொல்லமாட்டேன். மொபைலில் மூன்று கோட்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் மெனுவை ஒருவர் கவனிப்பாரா என்பதும் இதில் தெரியாது. அதற்கு அந்த 5 பேரின் கையில் போனைக் கொடுத்துத்தான் பார்க்க வேண்டும்.