"டவர் இல்லை" என்று சொல்வதற்கு முன்: சிக்னல் எண்ணோடும் ரோமிங்கோடும் ஆறு ஆண்டுகள்

திரையின் மூலையில் தெரியும் சிக்னல் கோடுகளை நம்புவதை நான் ஆறு ஆண்டுகளுக்கு முன்பே விட்டுவிட்டேன். ஒரே நிறுவனத்தின் சிம் அட்டைகளைப் போட்டிருந்த இரண்டு கைப்பேசிகள் ஒரே மேசையில் அருகருகே கிடந்தபோது, ஒன்று நான்கு கோடுகளையும் மற்றொன்று இரண்டையும் காட்டியது. அமைப்புகளுக்குள் சென்று 'சிம் நிலை' பக்கத்தைத் திறந்தால் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே எண்தான் இருந்தது: −104 டிபிஎம் (வந்து சேரும் சிக்னலின் ஆற்றலைச் சொல்லும் அலகு). எத்தனை டிபிஎம்முக்கு எத்தனை கோடு என்பதற்கு உலகப் பொதுவான விதி ஏதுமில்லை; அதை அந்தந்தத் தயாரிப்பாளரே முடிவு செய்துகொள்கிறார். 2010-இல் ஐபோன் 4 வெளிவந்த சில நாள்களிலேயே, கோடுகளைக் கணக்கிடத் தான் பயன்படுத்திய சூத்திரமே தவறானது என்றும், பல நேரங்களில் அது இரண்டு கோடுகளைக் கூடுதலாகக் காட்டியது என்றும் ஆப்பிள் நிறுவனமே வெளிப்படையாக ஒப்புக்கொண்டது.

அந்த இரண்டு கைப்பேசிகளைப் பார்த்த நாளிலிருந்து நான் கோடுகளை விட்டு எண்ணையே பார்க்கிறேன். அது எதிர்மறை எண் என்பதால் பூஜ்யத்தை நெருங்க நெருங்க வலிமை கூடுகிறது என்று பொருள். மடக்கை அளவு என்பதால் 3 குறைந்தால் வந்து சேரும் ஆற்றல் பாதியாகிறது, 10 குறைந்தால் பத்தில் ஒரு பங்காகிறது. ஆகவே −80-க்கும் −110-க்கும் இடையே உள்ளது ஆயிரம் மடங்கு வேறுபாடு. என் அனுபவத்தில் 4ஜியில் −95 வரை எந்தக் கவலையும் இல்லை. −110-ஐத் தாண்டினால் பேச்சு விட்டுவிட்டு வருகிறது. −120-ஐ நெருங்கினால் எந்த நொடியும் அறுந்துவிடலாம். முதல் ஆண்டில் நான் 2ஜி எண்ணையும் 4ஜி எண்ணையும் ஒப்பிட்டுத் தவறான முடிவுகளுக்கு வந்துகொண்டிருந்தேன். 2ஜியில் முழு அலைத்தடத்தின் ஆற்றலும் அளக்கப்படுகிறது. 4ஜியில் அதன் நூற்றுக்கணக்கான துணை அலைகளுள் ஒன்றின் அளவே காட்டப்படுகிறது. எனவே 4ஜி எண் இயல்பாகவே தாழ்ந்திருக்கும். அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

இந்த எண்ணும் பாதி உண்மையையே சொல்கிறது என்பதை உணர எனக்கு நெடுநாள் ஆயிற்று. கோபுரம் பல பத்து வாட் ஆற்றலில் பேசுகிறது. நம் 4ஜி கைப்பேசியோ பொதுவாக அதிகபட்சம் 23 டிபிஎம், அதாவது 200 மில்லிவாட் அளவிலேயே மறுமொழி சொல்கிறது. கோபுரத்தின் குரல் நமக்கு எட்டும் இடத்திலிருந்து நம் குரல் கோபுரத்துக்கு எட்ட வேண்டும் என்ற கட்டாயமில்லை. மறுமுனையில் இருப்பவர் பேசுவது தெளிவாகக் கேட்க, அவரோ "கேட்கவில்லை, கேட்கவில்லை" என்று சொல்வதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். பலவீனமான இடத்தில் மின்கலம் விரைவாகத் தீர்வதும் இதனால்தான். கைப்பேசி இடைவிடாமல் தன் முழு வலிமையில் கத்த வேண்டியிருக்கிறது. வெப்பத்தைத் தடுக்க உலோகப் பூச்சிட்ட கண்ணாடி சன்னல்கள் உள்ள ஓர் அறையில், சன்னலைத் திறந்த உடனே எண் 15 அளவுக்குக் கூட உயர்ந்ததைப் பலமுறை கண்டிருக்கிறேன். அத்தகைய அறையில் கைப்பேசியை மாற்றிப் பயனில்லை. வைஃபை வழி அழைப்பு வசதியை இயக்கிக்கொள்வதே சரி.

எண் நன்றாக இருந்தும் வேகம் இல்லாவிட்டால், இரைச்சலோடு ஒப்பிட்ட தரத்தைக் காட்டும் எஸ்ஐஎன்ஆர் மதிப்பைப் பார்க்க வேண்டும். அதுவும் நன்றாக இருந்தால் பெரும்பாலும் நெரிசல்தான். ஒரே கோபுரத்தைப் பலர் பகிர்ந்துகொள்கிறார்கள்.

ரோமிங்கில், அதாவது வெளிநாட்டில் அங்குள்ள நிறுவனத்தின் வலைப்பின்னலைப் பயன்படுத்தும்போது, இந்தச் சிக்கல்கள் அனைத்தும் இருப்பதோடு, கண்ணுக்குத் தெரியாத ஒரு நீண்ட பாதையும் சேர்ந்துகொள்கிறது. சிம்முக்குள் அதிகபட்சம் 15 இலக்கமுள்ள ஓர் அடையாள எண் இருக்கிறது. முதல் மூன்று இலக்கங்கள் நாட்டையும் அடுத்த இரண்டோ மூன்றோ நிறுவனத்தையும் குறிக்கின்றன. வெளிநாட்டு வலைப்பின்னல் அதைப் படித்து, நம் சொந்த நிறுவனத்திடம் கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகே சேவை தருகிறது. அதன் பின்னும் டேட்டா பெரும்பாலும் சொந்த நாட்டு நுழைவாயிலுக்குச் சென்றே இணையத்துக்குப் போகிறது. −78 என்ற அருமையான எண் தெரிந்தும் ஒவ்வொரு பக்கமும் தயங்கித் தயங்கித் திறந்த ஒரு பயணத்தில், இணையதளங்கள் நான் இன்னும் சொந்த நாட்டிலேயே இருப்பதாகக் கருதி நடந்துகொண்டதைப் பார்த்தபோதுதான் இந்தச் சுற்றுவழி எனக்கு விளங்கிற்று.

இன்னொன்று, கைப்பேசியின் பொறுமை. தான் ஏற்கெனவே பிடித்துக்கொண்டிருக்கும் வலைப்பின்னலைவிட ஏற்ற ஒன்று பக்கத்திலேயே கிடைத்தாலும் அது உடனே தாவுவதில்லை. இடைவெளி விட்டுத்தான் தேடுகிறது. அந்த இடைவெளியை 6 நிமிடம் முதல் 8 மணி நேரம் வரை சிம் அட்டை குறிக்கலாம். எதுவும் குறிக்காவிட்டால் 60 நிமிடம். விமானப் பயன்முறையை இயக்கி அணைத்தால் காத்திருக்காமல் புதிதாகத் தேடத் தொடங்குகிறது. நான் அதிகம் பயன்படுத்தும் உபாயம் இதுவே.

டேட்டா ஓடியும் அழைப்பு மட்டும் போகாத நிலையையும் சந்தித்திருக்கிறேன். 2ஜியும் 3ஜியும் மூடப்பட்ட நாடுகளில் குரல் 4ஜி வழியாகவே போக வேண்டும். அதற்கு இரு நிறுவனங்களுக்கும் இடையே தனி ஏற்பாடு தேவை. ஆகவே இப்போதெல்லாம் பயணத்துக்கு முன் "ரோமிங் உண்டா?" என்று கேட்பதோடு நிறுத்தாமல், "வோல்டிஇ ரோமிங் (4ஜி வழியாகக் குரல்) உண்டா?" என்றும் கேட்கிறேன்.

தானியங்கித் தேர்வை அணைத்து வலைப்பின்னலை நானே தேர்ந்தெடுத்ததால் சில இடங்களில் நல்ல பயன் கிடைத்தது. ஆனால் திரும்பும்போது அதை மீண்டும் இயக்க மறந்துவிட்டேன். நாட்டுக்குள் வந்திறங்கிய பிறகும் அந்த வெளிநாட்டு வலைப்பின்னலையே எதிர்பார்த்துக்கொண்டு, 'சேவை இல்லை' என்ற சொற்களோடு கைப்பேசி இரண்டு மணி நேரம் கிடந்தது.