அம்மாவின் சேலைகளில் ஒட்டுத்துணிப் போர்வை தைக்கக் கொடுப்பவர்கள் கவனத்திற்கு

பழைய பருத்திச் சேலைகளைக் கொடுத்து, கட்டிலின் அளவுக்கேற்ப ஒட்டுத்துணிப் போர்வை தைத்து வாங்க நினைப்பவர்கள் முன்பணம் கொடுக்கும் முன் இந்தப் பதிவைப் படித்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். நான் வேலையை ஒப்படைத்த பெண்மணி அளவைக் குறைத்தார், துணியை மாற்றினார், என்னிடம் வாங்கிய சேலைகளில் பெரும்பகுதியைத் திருப்பித் தரவே இல்லை. பணம் போனது ஒரு பக்கம் இருக்கட்டும். என் அம்மா முதலில் காரைக்குடியிலும் பிறகு சிங்கப்பூரின் செங்காங்கில் எங்களோடும் இருந்தபோது உடுத்திய ஐந்து சேலைகள் அவை. எந்தக் கடையில் தேடினாலும் இனிக் கிடைக்காதவை. விவகாரம் இன்னும் முடியவில்லை என்பதால் அந்தப் பெண்மணியின் பெயரையோ அவருடைய விற்பனைப் பக்கத்தின் பெயரையோ எழுதவில்லை. நடந்த முறையை மட்டும் முழுமையாகச் சொல்கிறேன்.

கடையில் கிடைக்கும் போர்வை எங்கள் கட்டிலுக்குச் சரிவராது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் சிறிய படுக்கையறையில் கட்டிலின் ஒரு பக்கம் சுவரோடு ஒட்டியிருக்கிறது. அந்தப் பக்கம் போர்வை அதிகம் தொங்கினால் சுவருக்கும் மெத்தைக்கும் நடுவே சிக்கிக்கொள்ளும். சிங்கப்பூரில் விற்கப்படும் குவீன் மெத்தை 152 செ.மீ. அகலமும் 190 செ.மீ. நீளமும் கொண்டது, போர்வை தைப்பதற்கான அமெரிக்க மாதிரி வடிவங்களோ 203 செ.மீ. நீள மெத்தையை மனத்தில் வைத்து வரையப்பட்டவை. ஆகவே சுவர்ப்பக்கம் 10 செ.மீ., மறுபக்கம் 38 செ.மீ., கால்மாட்டில் 35 செ.மீ. தொங்கல் என்று கணக்கிட்டு, தைத்து முடித்த போர்வை 200 செ.மீ. அகலமும் 225 செ.மீ. நீளமும் இருக்க வேண்டும் என எழுத்தில் கொடுத்தேன். 25 செ.மீ. சதுரங்களாக வைத்தால் அகலவாக்கில் எட்டு, நீளவாக்கில் ஒன்பது, மொத்தம் 72 சதுரங்கள் என்று அவரே கட்டம் போட்டு அனுப்பினார். மேல்துணி முழுவதும் அம்மாவின் சேலைகள், நடுவில் சுத்தமான பருத்திப் பஞ்சுத்தாள், அடியில் வெளுக்காத பருத்தித் துணி என்பதும் வாட்ஸ்அப்பில் அவர் ஒப்புக்கொண்டவை. கூலியும் பொருளும் சேர்த்து 780 சிங்கப்பூர் வெள்ளி என்றார். கையால் நேர்த்தியாகச் செய்யும் வேலைக்கு அது அதிகமில்லை என்றே இன்றும் நினைக்கிறேன்.

சேலைகளில் மூன்று செட்டிநாட்டுக் கண்டாங்கி, இரண்டு மதுரைச் சுங்குடி. மூன்று கண்டாங்கிகளில் கடுகு மஞ்சள் கட்டம் போட்டது அம்மாவுக்கு மிகவும் பிடித்தது. அதன் முந்திக்குச் சற்று மேலே, ஆணியில் மாட்டிக் கிழிந்த இடத்தை, மஞ்சள் நூல் கைவசம் இல்லாததால் நீல நூலைக் கொண்டு நெருக்கமாக இழையோட்டி அம்மா அடைத்திருந்தார். கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு நீலத் திட்டு. அந்த இடத்தை வெட்டி எறியாமல் தலைமாட்டு மூலைச் சதுரத்தில் வரும்படி வைக்க வேண்டும் என்று தனியாகச் சொல்லி, படமும் எடுத்து அனுப்பினேன்.

முன்பணமாக 400 வெள்ளியை பேநவ் என்ற மின்னிலக்கப் பணப் பரிமாற்றச் சேவை மூலம் அனுப்பினேன். சில வாரங்களில், வெட்டிய சதுரங்களைத் தரையில் பரப்பி எடுத்த ஒரு படம் வந்தது. அதில் 72 சதுரங்களும் அம்மாவின் சேலைகளே. மூலையில் நீலத் திட்டும் தெரிந்தது. அந்தப் படத்தைக் காட்டித்தான் மீதி 380 வெள்ளியையும் அனுப்பினால் உடனே கூரியரில் போட்டுவிடுவதாகச் சொன்னார். அனுப்பினேன். வந்ததோ காற்றை உறிஞ்சித் தட்டையாக்கிய பிளாஸ்டிக் பை. அப்படிக் கட்டி அனுப்பினால் பெறுபவர் வாசலில் வைத்து அளவையும் துணியையும் பார்க்க வழியே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

விரித்து அளந்தபோது அகலம் 190 செ.மீ., நீளம் 214 செ.மீ. மட்டுமே இருந்தது. கட்டிலில் போட்டால் திறந்த பக்கத்தில் மெத்தையின் ஓரத்தை மறைக்கவே தடுமாறியது. இந்தக் குறைவு எப்படி வந்தது என்பதைத் தையல் தெரிந்த எவரும் உடனே சொல்லிவிடுவார்கள். ஒட்டுத்துணி வேலையில் ஒவ்வொரு ஓரத்திலும் கால் அங்குலம், அதாவது ஏறக்குறைய 6 மி.மீ. துணி தையலுக்குள் போய்விடும். 25 செ.மீ. சதுரம் வேண்டுமானால் 26.2 செ.மீ.க்கு வெட்ட வேண்டும். அவர் சரியாக 25 செ.மீ.க்கு வெட்டித் தைத்ததால் ஒவ்வொரு சதுரமும் 23.8 செ.மீ. ஆகிவிட்டது. எட்டுச் சதுரங்களில் அகலம் கிட்டத்தட்ட 10 செ.மீ., ஒன்பதில் நீளம் 11 செ.மீ. குறைந்தது இப்படித்தான். இதைக் கேட்டதற்கு, "அக்கா, கைவேலை என்றால் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கத்தான் செய்யும்" என்று பதில் வந்தது. கைவேலை பிசகினால் ஒரு சதுரம் கூடும், ஒன்று குறையும். எல்லாச் சதுரங்களும் ஒரே அளவு குறைந்திருந்தால் அது வெட்டும்போதே செய்த கணக்குப் பிழை. அதைக் கைவேலையின் தலையில் கட்டுவது நேர்மையில்லை.

அளவு குறைந்ததைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். மேல்துணியைக் கையால் தடவிப் பார்த்தபோதுதான் நெஞ்சு அடைத்தது. 72 சதுரங்களில் அம்மாவின் சேலைத் துணி 19 மட்டுமே. மற்றவை வழவழப்பான பூப்போட்ட அச்சுத்துணியும், மட்டமான சிவப்புத் துணியும். அந்த அச்சுத்துணியின் ஓரத்திலிருந்து இரண்டு இழைகளை உருவி, இடுக்கியில் பிடித்துக் கழுவுதொட்டியின் மேல் வைத்துக் கொளுத்திப் பார்த்தேன். பருத்தியாக இருந்தால் காகிதம் எரியும் வாசனையோடு எரிந்து, விரலில் நசுக்கினால் தூளாகும் சாம்பல் மிஞ்சும். இதுவோ தீயைக் கண்டதும் சுருண்டு உருகி, கறுத்த கெட்டி மணியாக உறைந்தது. ஐயமே இல்லை, பருத்தி அல்ல, பாலியஸ்டர் போன்ற செயற்கை இழை. வெப்பம் மிகுந்த நம் ஊரில் இரவு முழுவதும் உடலின்மேல் கிடக்கும் போர்வைக்குப் பருத்தி வேண்டும் என்று நான் வற்புறுத்தியதன் காரணமே இதுதான்.

சேலைத் துணி போதவில்லை, அதனால் வேறு துணி சேர்க்க வேண்டியதாயிற்று என்றார். இதை யாரும் வீட்டிலேயே சரிபார்க்கலாம். ஐந்தரை மீட்டர் நீளமும் 115 செ.மீ. அகலமும் உள்ள ஒரு சேலையில், 26.2 செ.மீ. சதுரங்கள் அகலவாக்கில் நான்கும் நீளவாக்கில் இருபதும் கிடைக்கும். அதாவது ஒரே சேலையில் 80 சதுரங்கள். நைந்த இடம், கறை, கரை என்று பாதியைக் கழித்துவிட்டாலும் இரண்டு சேலைகளே 72 சதுரங்களுக்குப் போதும். நான் கொடுத்தவை ஐந்து. போதாதென்றால் மிஞ்சிய துணி எங்கே என்று கேட்டபோது, வெட்டுத்துண்டுகளை எறிந்துவிட்டதாகச் சொன்னார்.

உள்ளே இருப்பதையும் பார்த்துவிடலாம் என்று ஒரு மூலையில் ஓரப்பட்டியைப் பிரித்தேன். பருத்திப் பஞ்சுத்தாள் இருக்க வேண்டிய இடத்தில் தளர்வான பாலியஸ்டர் பஞ்சு இருந்தது. இந்த வகைப் பஞ்சைச் சுமார் 10 செ.மீ.க்கு ஒரு முறையாவது மூன்று அடுக்குகளும் சேரும்படி தைத்துப் பிடிக்க வேண்டும். இவர் மூன்று சதுரங்களுக்கு ஒரு முறை, மூலையில் மட்டும் முடிச்சுப் போட்டிருந்தார். முதல் முறை அலசிக் கழியில் காயப்போட்டவுடன் பஞ்சு முழுவதும் சரிந்து கீழ்முனையில் தலையணைபோலத் திரண்டுவிட்டது. மேல்பாதியில் இரண்டு துணிகள் மட்டும் ஒட்டிக்கொண்டு தொங்கின. அதே அலசலில் புதுச் சிவப்புத் துணியின் சாயம் பக்கத்திலிருந்த சந்தன நிறச் சுங்குடிச் சதுரங்களில் இறங்கிவிட்டது. சாயம் போனது பழைய சேலையால் என்று அவர் சொன்னதை நான் ஏற்கவில்லை. இருபது ஆண்டுகளுக்கு மேல் துவைத்த சேலையில் போவதற்குச் சாயம் பெரும்பாலும் மீதமிருக்காது. பின்புறத்தில் தாங்கல் ஏதும் கொடுக்காததால், நைந்த சேலைத் துணி தையலோரங்களில் இழை பிரிந்து வாய்திறந்துவிட்டது. பழைய சேலையை வெட்டுமுன் அதன் பின்புறத்தில் மெல்லிய மல் துணியோ, இஸ்திரிபோட்டு ஒட்டும் லேசான உள்துணியோ வைத்துத் தாங்கல் கொடுக்க வேண்டும் என்பது இந்த வேலையின் அரிச்சுவடி.

அந்தச் சேலைகள் எங்கே போயின என்பது பின்னர்தான் தெரிந்தது. தேக்காவில் தையல்கடை வைத்திருக்கும் தோழி ஒருவர், அதே பெண்மணியின் விற்பனைப் பக்கத்தில் வந்த ஒரு தோள்பையின் படத்தை எனக்கு அனுப்பினார். 'பழங்காலச் செட்டிநாட்டுச் சேலையில் செய்தது, ஒன்றே ஒன்று' என்று எழுதி, நல்ல விலையும் போட்டிருந்தது. பையின் முன்பக்கத்தில், கடுகு மஞ்சள் கட்டத்தின் நடுவே, அம்மா இழையோட்டிய நீலத் திட்டு. தரையில் பரப்பி எடுத்த படத்தில் மூலையில் இருந்த அதே சதுரம். நான் கேள்வி கேட்ட அன்றே அந்தப் படம் நீக்கப்பட்டது. தோழி அதற்குள் திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷாட்) எடுத்து வைத்திருந்தார். பழைய கைத்தறிச் சேலைக்கு இப்போது பைகளிலும் திண்டு உறைகளிலும் நல்ல கிராக்கி இருக்கிறது. போர்வை தைத்துத் தருவதாகச் சொல்லிச் சேலைகளை வாங்கி, நல்ல துணியைத் தனக்கு ஒதுக்கிக்கொள்வது ஒரு வருமான வழியாகவே ஆகிவிட்டதோ என்ற சந்தேகம் எனக்கு வலுவாக இருக்கிறது.

ஆகவே சேலை கொடுப்பவர்கள் ஒவ்வொன்றையும் முழுதாக விரித்து, நீள அகலத்தோடு படம் எடுத்து, எத்தனை கொடுத்தோம் என்பதைப் பெறுபவர் எழுத்தில் ஒப்புக்கொள்ளச் செய்யுங்கள். மிஞ்சும் துணி, கையளவுத் துண்டாக இருந்தாலும், திரும்ப வர வேண்டும் என்பதை அந்த வரியிலேயே சேர்த்துவிடுங்கள். இதை மறுப்பவரிடம் கொடுக்கவே வேண்டாம். அளவைச் சொல்லும்போது வெட்டும் அளவையோ மெத்தையின் அளவையோ சொல்லாமல், தைத்து, ஒரு முறை அலசிக் காய்ந்த பிறகு இருக்க வேண்டிய அளவைக் குறிப்பிடுங்கள். பருத்திப் பஞ்சுத்தாள் முதல் அலசலில் 3 முதல் 5 விழுக்காடு வரை சுருங்கும், 225 செ.மீ. நீளத்தில் அது 11 செ.மீ. வரை போகும் என்பதால், அந்தச் சுருக்கத்துக்கு இடம் விட்டுத்தான் வெட்ட வேண்டும். பஞ்சுத்தாளின் உறையில் அடுக்குகளை எத்தனை இடைவெளியில் தைக்க வேண்டும் என்று அச்சிட்டிருப்பார்கள். அந்த உறையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்வதில் தவறேதும் இல்லை. எல்லாவற்றையும்விட முக்கியமானது, மூன்று அடுக்குகளையும் விரித்து ஊசி குத்தி இணைத்த நிலையில், ஓரப்பட்டி வைத்து மூடுவதற்கு முன் நேரில் போய்ப் பார்ப்பது. மூடிய பிறகு உள்ளே இருப்பதை அறியப் பிரித்துப் பார்ப்பதைத் தவிர வழியில்லை. பணத்தையும் இதே கட்டங்களில் பிரித்து, கடைசித் தொகையை நேரில் அளந்து பார்த்த பிறகே கொடுப்பதாக முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

வீட்டிலிருந்தபடியே தையல் தொழில் செய்வதை வீவக அனுமதிக்கிறது. நேர்மையாகச் செய்பவர்கள் பலர் இருக்கிறார்கள், அவர்கள் பிழைப்பைக் கெடுப்பது என் நோக்கமன்று. ஆனால் தொழில் பெயர் வைத்து நடத்துபவரென்றால் தொழில்களைப் பதிவுசெய்யும் அரசு அமைப்பான அக்ராவின் இணையத்தளத்தில் அந்தப் பெயர் பதிவாகியிருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். தம் சொந்த முழுப்பெயரில் மட்டும் நடத்துபவர் பதிவு செய்ய வேண்டியதில்லை. அப்படிப்பட்டவரிடம் முழுப்பெயரையும் முகவரியையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வழக்கென்று வந்தால் யாருக்கு அறிவிப்பு அனுப்புவது என்பதே முதல் கேள்வியாக இருக்கும்.

நான் முதலில் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்திடம் புகார் கொடுத்தேன். பொறுமையாகக் கேட்டு, அவரோடு பேசிப் பார்த்தார்கள். சமரசம் பேச அவர்களால் முடியும், பணத்தைத் திருப்பிக் கொடுக்கும்படி கட்டளையிட முடியாது. அதனால் சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்தை நாடினேன். 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை, இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000 வெள்ளி வரை, அங்கே கொண்டுபோகலாம். இரண்டு ஆண்டுகளுக்குள் பதிவு செய்ய வேண்டும். வழக்கறிஞர் தேவையில்லை, வைக்கவும் கூடாது. 5,000 வெள்ளிக்கு உட்பட்ட பயனீட்டாளர் கோரிக்கைக்குக் கட்டணம் 10 வெள்ளிதான். தமிழில் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, கட்டம் போட்ட வரைபடம், தரையில் பரப்பிய படம், அளவுநாடாவோடு எடுத்த படம், பணம் அனுப்பிய விவரம், தோள்பையின் திரைப்பிடிப்பு எல்லாவற்றையும் தேதி வாரியாக அடுக்கிக் கொடுத்திருக்கிறேன். அவர் இப்போது 300 வெள்ளி தருவதாகச் சொல்கிறார். சேலைகளைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை என்பதால் நான் ஒப்புக்கொள்ளவில்லை.

கடுகு மஞ்சள் கட்டமும் கட்டைவிரல் அகல நீலத் திட்டும் கொண்ட அந்தத் தோள்பையை யாராவது வாங்கியிருந்தால், அவர் சிங்கப்பூரில்தான் இருக்க வேண்டும். அவர்மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. இதைப் படிப்பவர்களில் யாராவது அப்படியொரு பையைப் பார்த்திருந்தால் எனக்குத் தெரிவியுங்கள். அவர் கொடுத்த விலையை முழுமையாகக் கொடுத்து வாங்கிக்கொள்கிறேன்.