ஆர் மொழியில் ஒர்க்ஸ்பேஸ்: சேமிப்பதா, துடைப்பதா, மூடித் திறப்பதா?

புள்ளியியல் கணக்குகளுக்குப் பயன்படும் ஆரை மூடப் போனால் ஒரு கேள்வி கேட்கும்: ஒர்க்ஸ்பேஸைச் சேமிக்கட்டுமா? பல வருடம் யோசிக்காமல் 'ஆம்' என்றே தட்டியிருக்கிறேன். வேண்டாமென்று சொல்லி நாலு மணி நேர வேலை போய்விட்டால் என்ன செய்வது என்ற பயம்தான். 'ஆம்' என்றால், நினைவகத்தில் இருக்கும் ஆப்ஜெக்ட்கள் (நாம் பெயர் வைத்து உருவாக்கிய டேட்டா, மாடல் போன்றவை) எல்லாம் அப்போதைய ஃபோல்டரில் .ஆர்டேட்டா என்ற ஒரே ஃபைலாக இறங்கிவிடும். அடுத்த முறை அதே ஃபோல்டரில் ஆரைத் திறந்தால் தானாகவே ஏறிக்கொள்ளும்.

இந்தக் கேள்விக்கு ஒரு பூர்வீகம் உண்டு. 1976-ல் பெல் லேப்ஸில் பிறந்த எஸ் மொழியின் வாரிசுதான் ஆர். எஸ் மொழியில் ஒரு ஆப்ஜெக்டை உருவாக்கினாலே அது டிஸ்க்கில் போய் உட்கார்ந்துவிடும். 1990-களில் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகாவும் ராபர்ட் ஜென்டில்மேனும் உருவாக்கிய ஆர், எல்லாவற்றையும் ரேமிலேயே வைத்துக்கொண்டது. அதனால்தான் வாசலில் நின்று கேட்கிறது.

மொத்தமாகச் சேமிப்பதில் என்ன குறை? எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு கணக்கெடுப்பு டேட்டாவில் வயதைக் குழுக்களாகப் பிரித்த வரியை, ஸ்கிரிப்டை ஒழுங்குபடுத்தும்போது தவறுதலாக அழித்துவிட்டேன். அந்த வரி உருவாக்கிய நெடுவரிசை மட்டும் ஒர்க்ஸ்பேஸில் பத்திரமாக இருந்தது. தினமும் .ஆர்டேட்டா ஏறும், ஸ்கிரிப்ட் ஓடும், அட்டவணை வரும். மூன்று வாரம் கழித்து உடன் வேலை பார்ப்பவருக்கு அனுப்பினேன்; அவர் கணினியில் பதினோராவது வரியிலேயே நின்றுவிட்டது. 30 வயதுக்காரரை எந்தக் குழுவில் போட்டேன்? கட் ஃபங்ஷன் வழக்கமாக வலது எல்லையைத்தான் சேர்த்துக்கொள்ளும். நான் அதை மாற்றினேனா இல்லையா, நினைவில்லை. கடைசியில் பழைய .ஆர்டேட்டாவைத் திறந்து வயதையும் குழுவையும் குறுக்கு அட்டவணை போட்டுத்தான் கண்டுபிடித்தேன். மாட்டிவிட்டதும் அதுதான், காப்பாற்றியதும் அதுதான்.

இதற்குப் பலரும் சொல்லும் மருந்து, ஸ்கிரிப்டின் முதல் வரியில் ஆர்எம்(லிஸ்ட் = எல்எஸ்()) என்று எழுதிவிடுவது. எல்எஸ் ஒர்க்ஸ்பேஸில் உள்ள பெயர்களைப் பட்டியலிடும், ஆர்எம் அவற்றை அழிக்கும். எல்லாவற்றையும் துடைத்துவிட்டுத் தொடங்குகிறோம் என்ற நிம்மதி கிடைக்கும். உண்மையில் அது பாதி வீட்டைத்தான் பெருக்குகிறது. புள்ளியில் தொடங்கும் பெயருள்ள ஆப்ஜெக்ட்கள் எல்எஸ் கண்ணில் படாது, அதனால் அழியாது. ஏற்றிய பேக்கேஜ்கள் (ஆரோடு சேர்த்துக்கொள்ளும் கூடுதல் ஃபங்ஷன் தொகுப்புகள்) அப்படியே இருக்கும். ஆப்ஷன்ஸ் என்ற அமைப்புகளில் மாற்றியதும் மாற்றிய ஃபோல்டரும்கூடத்தான்.

பேக்கேஜ் விஷயம் எப்படிக் கழுத்தறுக்கும் என்று பாருங்கள். காலையில் டிப்ளையர் பேக்கேஜை ஏற்றி வேலை செய்கிறீர்கள். மதியம் வேறொரு மாடலுக்காக மாஸ் பேக்கேஜை ஏற்றுகிறீர்கள். இரண்டிலும் செலக்ட் என்ற ஃபங்ஷன் உண்டு. பின்னால் வந்தது முன்னதை மறைத்துவிடும். அப்புறம் காலை ஸ்கிரிப்டைத் திரும்ப ஓட்டுகிறீர்கள். ஆர்எம் துடைக்கிறது. லைப்ரரி வரி டிப்ளையரைக் கூப்பிடுகிறது. அது ஏற்கெனவே ஏறியிருப்பதால் வரிசையில் முன்னுக்கு வராது. செலக்ட் என்றதும் மாஸின் செலக்ட் வந்து நிற்கும். காலையில் ஓடியது மதியம் ஓடாது. பிழைச்செய்தியைப் பார்த்தால் காரணம் எளிதில் பிடிபடாது.

இன்னொன்று, உங்கள் ஸ்கிரிப்டை வேறொருவர் ஓட்டினால் அவருடைய ஒர்க்ஸ்பேஸையும் அது காலி செய்துவிடும். இந்த ஆர்எம் வரியோடு ஸ்கிரிப்ட் தொடங்கினால் உங்கள் அலுவலகத்துக்கே வந்து கணினிக்குத் தீ வைப்பேன் என்று ஆர் வட்டாரத்தில் பெயர்பெற்ற ஜென்னி பிரையன் 2017-ல் வேடிக்கையாக மிரட்டியது ஆர் உலகில் பிரபலம். நான் அவர் கட்சி.

மூன்றாவது வழி, ஆரையே மூடித் திறப்பது. ஆரை எழுதி ஓட்டப் பலரும் பயன்படுத்தும் ஆர்ஸ்டூடியோவில் டூல்ஸ் மெனுவின் குளோபல் ஆப்ஷன்ஸில், தொடக்கத்தில் .ஆர்டேட்டாவை ஏற்றும் டிக்கை எடுத்துவிட வேண்டும். மூடும்போது சேமிப்பதை 'நெவர்' என்று வைக்க வேண்டும். இரண்டையும் செய்த பிறகு கன்ட்ரோல், ஷிஃப்ட், எஃப்10 அழுத்தினால் சுத்தமான ஆர் கிடைக்கும். டெர்மினலில் ஆர்ஸ்கிரிப்ட் வழியாக ஓட்டினால் பழைய ஒர்க்ஸ்பேஸ் ஏறவே ஏறாது.

முதல் வாரம் எரிச்சலாக இருக்கும். எனக்கு முதலில் வந்த பிழையே 'குளோஷர்' வகையிலிருந்து பகுதியை எடுக்க முடியாது என்பதுதான். குளோஷர் என்றால் ஆர் பாஷையில் ஃபங்ஷன். டேட்டாவுக்கு டிஎஃப் என்று பெயர் வைத்திருந்தேன். அதைப் படிக்கும் வரியை ஓட்ட மறந்துவிட்டேன். ஆரில் டிஎஃப் என்று ஏற்கெனவே ஒரு ஃபங்ஷன் உண்டு, எஃப் பரவலுக்கானது. ஆப்ஜெக்ட் இல்லையென்று சொல்லாமல் அந்த ஃபங்ஷனை எடுத்துக் கொடுத்துவிட்டது.

சரி, 40 நிமிடம் ஓடும் மாடலை ஒவ்வொரு முறையும் ஓட்டவா முடியும்? அதை மட்டும் தனியாகச் சேமிக்க இரண்டு வழி: சேவ், சேவ்ஆர்டிஎஸ். சேவ் பல ஆப்ஜெக்ட்களைப் பெயரோடு கட்டி வைக்கும்; லோடு செய்யும்போது அதே பெயர்களில் வந்து உட்காரும். அந்தப் பெயரில் ஏற்கெனவே ஏதாவது இருந்தால் சத்தமில்லாமல் மேலெழுதிவிடும். சேவ்ஆர்டிஎஸ் ஒரே ஒரு ஆப்ஜெக்டைப் பெயரில்லாமல் சேமிக்கும். ரீட்ஆர்டிஎஸ் செய்யும்போது பெயரை நீங்கள்தான் வைக்க வேண்டும். ஸ்கிரிப்டைப் படிப்பவருக்கும் எது எங்கிருந்து வந்தது என்று தெரியும். பத்துக்கு ஒன்பது தடவை நான் இதைத்தான் எடுப்பேன்.

இரண்டுக்கும் பொதுவான தொல்லை ஃபைல் அளவு. ஒரு ஃபங்ஷனுக்குள் எல்எம் (நேர்கோட்டு மாடல் போடும் ஃபங்ஷன்) ஓட்டி அந்த மாடலைச் சேமித்தால், அதன் ஃபார்முலா தான் பிறந்த இடத்தையும் கையோடு இழுத்துவரும். அந்த ஃபங்ஷனுக்குள் இருபது லட்சம் வரி அட்டவணையைப் படித்திருந்தால் அதுவும் சேர்ந்தே ஃபைலில் இறங்கும். நாலைந்து கெழுக்களுக்கு நூற்றுக்கணக்கான எம்பி ஏன் என்று முழிக்க வேண்டியதுதான்.

டேட்டாபேஸ் இணைப்பைச் சேமிக்க மட்டும் முயல வேண்டாம். ஃபைலில் இறங்குவது போலத்தான் தெரியும். மறுநாள் திரும்ப எடுத்தால் கையில் இருப்பது செத்த இணைப்பு. இணைக்கும் வரியை ஸ்கிரிப்டிலேயே வைத்து, புதிதாக இணைத்துக்கொள்வதுதான் வழி.